கனி கடல் வரைக்கும் தேடுனது

மனப்பாடம் பண்ணுன புரோகிராம் பிள்ளைங்க உடம்புக்குள்ள எறங்கி ஓட ஆரம்பிச்சது மாடல் பிராக்டிக்கல் அன்னைக்குக் காலைலதான், அன்னைக்குக் காலேஜ் பஸ்சு எப்பவும்போல லேட்டு, மெஸ்ல எப்பவும்போல அடிப்பிடிச்ச உப்புமா, கரிசக்காட்டு நடுவுல ஒத்தைக் கட்டடமா நிக்கிற எங்க காலேஜ் மேல எப்பவும்போல வெயிலு, இதுல ஒண்ணும் மாறல, மெக்கானிக்கல் வெள்ளைப்பாண்டி மட்டும் லேப்ல இருந்து வெளிய வந்து, அடுத்த பேட்சுக்காக வராண்டால வரிசையா நின்னவங்கள்ல மொத ரெண்டு பேரப் பாத்தான், நெட்டையா இருந்தவனப் பின்னால தள்ளுனான், குட்டையா இருந்தவன முன்னால இழுத்தான், அப்புறம் அடுத்த ரெண்டு பேரு, அப்புறம் அதுக்கடுத்த ரெண்டு பேரு, கடைசி வரைக்கும் போயிட்டு மறுபடியும் மொதல்ல இருந்து, மறுபடியும் மொதல்ல இருந்து, வரிசை மொத்தமும் படிக்கட்டு மாதிரி ஆகுற வரைக்கும் செஞ்சுட்டு, செவத்துல சாஞ்சு உக்காந்து, "ஏல, கொஞ்சம் தண்ணி குடுல"ன்னு கேட்டான்.

அவன் மனப்பாடம் பண்ணியிருந்தது வரிசைப்படுத்துற புரோகிராம். லேப் அசிஸ்டென்ட் அக்கா வெளிய வந்து பாத்துட்டு, "இதுவும் நல்லாத்தான இருக்கு, முகம் தெரியுது"ன்னு சொல்லிட்டு நம்பர் கூப்புட ஆரம்பிச்சாவ. யாரும் அலறல. யாரும் ஆஸ்பத்திரிக்குப் போன் போடல.

அதுக்கப்புறம் ஒவ்வொருத்தருக்கா ஓட ஆரம்பிச்சுது. மூணு நம்பர்ல எது பெருசுன்னு கண்டுபிடிக்கிற புரோகிராம மனப்பாடம் பண்ணியிருந்த ஜெபராணி, எந்த மூணு பேரு சேந்து நின்னாலும் நடுவுல போயி நின்னு, ஒருத்தரப் பாத்துக் கை நீட்டுவா. நம்பரத் திருப்பிப் போடுற புரோகிராம மனப்பாடம் பண்ணுன பையன், காலேஜ் பஸ்ல ஏறுனவங்கள எல்லாம் எறக்கி, கடைசில ஏறுனவன மொதல்ல ஏத்தி, டிரைவர்ட்ட அடி வாங்குனான். எல்லாருக்கும் ஓடும், ஓடி முடியும், முடிஞ்சதும் தண்ணி கேப்பாங்க, தூங்குவாங்க, எந்திரிச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி மெஸ்சுக்குப் போவாங்க.

நீங்க கேப்பீங்க, இத யாரும் நிறுத்தலையான்னு. எதுக்கு நிறுத்தணும்? மெஸ் காண்ட்ராக்டர் வெள்ளைப்பாண்டியக் கூட்டிட்டுப் போயி முட்டையெல்லாம் சிறுசு பெருசாப் பிரிக்கச் சொன்னாரு, சிறுச எங்களுக்குப் போட்டாரு. பக்கத்து ஊர்ல மூணு அண்ணன் தம்பிங்களுக்குள்ள கோயில் கொடைக்கு யாருக்கு மொத மரியாதைன்னு பல வருசமா வெட்டுக்குத்து, ஜெபராணிய ஆட்டோல கூட்டிட்டுப் போனாவ, அவ கடைக்குட்டியப் பாத்துக் கைய நீட்டிட்டா, அவரு குண்டா இருந்தாரு, அதோட பிரச்சன தீந்துது. எங்க கரஸ்பாண்டென்ட் ரோட்டுல இருந்து பாத்தாலே தெரியுற மாதிரி ஒரு ஃபிளெக்ஸ் வச்சாரு: "கம்ப்யூட்டரே தேவைப்படாத கம்ப்யூட்டர் கல்வி!" கீழ கைகூப்பிக்கிட்டு அவரு படம். அட்மிஷனுக்கு அந்த வாரமே கார் காரா வந்து நின்னுது.

எனக்கு ஒண்ணும் ஓடல. ஏன்னா நான் ஒண்ணும் மனப்பாடம் பண்ணல. என் பேரு பிரம்மசக்தி, சிவில், மொத வருசம். எனக்கு வாய் நீளம்னு எங்கம்மா சொல்லும், ஹாஸ்டல் வார்டன் சொல்லும், இப்ப பிரின்சிபாலும் சொல்லுதாரு. இருக்கட்டும். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: புரியாதத எதுக்கு உள்ள ஏத்திக்கிடணும்?

எங்க காலேஜ்ல புரோகிராம் படிக்கிறதுன்னா எப்படின்னு சொல்லுதேன், கேளுங்க. சீனியர் ரெக்கார்ட செராக்ஸ் எடுக்கணும். அந்த சீனியர் அவுங்க சீனியரோடத செராக்ஸ் எடுத்தது. அதுக்கு முன்னாடி உள்ளது யாருன்னு கடவுளுக்குத்தான் தெரியும். அதப் பாத்து எழுதணும், அவுட்புட்டையும் பாத்து எழுதணும். கம்ப்யூட்டர்ல போட்டா என்ன வருதுன்னு எவனும் பாக்க மாட்டான், பாதி கம்ப்யூட்டர் தொறக்கவே தொறக்காது, தொறக்குற கம்ப்யூட்டர்ல அடிச்சு வேற ஏதாவது வந்தா கம்ப்யூட்டர் சரியில்லன்னுருவாங்க. ஆனா செருப்ப மட்டும் லேப் வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம்.

செல்வக்கனி என் ரூம்மேட். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற பேச்சித்தாயியோட ஒத்தப் பிள்ளை, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டா. யுனிவர்சிட்டி பிராக்டிக்கலுக்கு முந்துன வாரம் அவதான் கையத் தூக்குனா. கம்ப்யூட்டர் எடுக்கிற துரைசிங் சார், நம்பரத் தேடுற புரோகிராம போர்டுல எழுதிக்கிட்டிருந்தாரு. அது ரொம்ப லேசான புரோகிராம், வரிசையா நம்பர் கெடக்கும், நமக்கு வேண்டிய நம்பர் அதுல எங்கன இருக்குன்னு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே போகணும், இதானா, இல்ல, அடுத்தது, இதானா, இல்ல, அடுத்தது, கெடச்சா எத்தனாவது எடத்துல கெடச்சுதுன்னு சொல்லிட்டு நின்னுரணும், அவ்வளவுதான்.

கனி எந்திரிச்சு நின்னு, "சார், எதத் தேடணும்னு இதுல எங்க சார் இருக்கு?"ன்னு கேட்டா.

சார் போர்டப் பாத்தாரு. கையில இருந்த செராக்ஸப் பாத்தாரு. செராக்ஸ் எடுத்து எடுத்து ஓரம் தேஞ்சு, எதத் தேடணும்னு கேட்டு வாங்கிக்கிற வரி எப்பவோ போயிருந்துச்சு, வரிசை தீந்தா நின்னுருன்னு சொல்லுற பாதி வரியும் அதோட போயிருந்துச்சு. அவுட்புட் மட்டும் அழியாம அப்படியே இருந்துச்சு: மூணாவது எடத்துல கெடச்சது. எல்லா ரெக்கார்ட்லயும் மூணாவது எடத்துலதான் கெடச்சிருக்கு, எங்க சீனியருக்கும் மூணு, அவுங்க சீனியருக்கும் மூணு.

"பரிச்சை வைக்க வர்ற எக்ஸ்டர்னல் அதெல்லாம் கேக்க மாட்டாரும்மா, உக்காரு"ன்னாரு சாரு. கிளாஸ் சிரிச்சுது. பின்னால இருந்து ஒருத்தன், "மாப்பிள்ளையத் தேடணும் சார்"ன்னான், இன்னும் சிரிச்சுது. கனி உக்காந்துட்டா, காதெல்லாம் செவந்து போச்சு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். பெஞ்சத் தள்ளிட்டு எந்திரிச்சேன். "அவ கேட்டது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா சார்? தெரிஞ்சா பதிலச் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. எதத் தேடணும்னு இதுல எங்க இருக்கு?"ன்னு கத்துனேன். கழுத்து நரம்பு பொடைக்கக் கத்துனேன்னு பெறவு சொன்னாங்க. சார் என்ன வெளிய போகச் சொன்னாரு. நான் போம்போது கனி மட்டும் திரும்பி என்னப் பாத்துக்கிட்டே இருந்தா. கதவு சாத்துனதுக்கப்புறம் கிளாஸ் மொத்தமும் அந்தப் புரோகிராமச் சத்தம்போட்டுச் சொல்ல ஆரம்பிச்சுது, நான் வராண்டால நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்.

பிரின்சிபால் கூப்புட்டு, "இனிமே எதுத்துப் பேச மாட்டேன்னு எழுதிக் குடுத்தாத்தான் பிராக்டிக்கல்ல உக்கார விடுவேன்"ன்னாரு. எங்கம்மா ஊர்ல இருந்து போன்ல அழுதுச்சு. எழுதிக் குடுத்தேன். கையெழுத்துப் போட்டதும் எனக்குள்ள ஏதோ ஒண்ணு ஸ்விட்ச ஆஃப் பண்ணுன மாதிரி அடங்கிப் போச்சு, அன்னைக்கு மெஸ்ல குழம்புல வண்டு கெடந்துச்சு, எடுத்துப் போட்டுட்டுப் பேசாமச் சாப்புட்டேன், எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க.

மறுநாள் யுனிவர்சிட்டி பிராக்டிக்கல். கனிக்குச் சீட்டு எடுத்ததுல வந்தது அந்தத் தேடுற புரோகிராம்தான்.

நான் வராண்டால வரிசைல நிக்கேன். கனி லேப்ல இருந்து வெறுங்காலோட வெளிய வந்தா. வாசல்ல கெடந்த செருப்பக் குனிஞ்சுகூடப் பாக்கல. வரிசைல மொத ஆளு முகத்துக்கு நேரா போயி நின்னு, "நீயா?"ன்னு கேட்டா. அவன் முழிச்சான். "இல்ல"ன்னு அவளே சொல்லிக்கிட்டு அடுத்த ஆளு. "நீயா? இல்ல. நீயா? இல்ல." எங்கிட்ட வந்தா. மத்தவங்களப் பாத்தத விடக் கொஞ்சம் கூடுதலாப் பாத்தா, அது எனக்கு நல்லாத் தெரியும். "நீயா?"ன்னு கேட்டா. நான் மெதுவா, "என்னட்டி ஆச்சு?"ன்னேன். சார் உள்ள இருக்காரேன்னு அவ்வளவு மெதுவா.

"இல்ல"ன்னுட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டா.

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் காலேஜ்ல ஒரே கொண்டாட்டம். தேடுற புரோகிராம் இப்பதான் மொத தடவையா ஓடுது, யாரு அந்த ஆளுன்னு பந்தயம். பையனுங்க தல சீவிக்கிட்டு வந்து நின்னாங்க. கரஸ்பாண்டென்ட் கார்ல இருந்து எறங்கி, சட்டைய இழுத்துவிட்டுக்கிட்டு, போட்டோக்காரன வச்சுக்கிட்டு நின்னாரு. "நீயா? இல்ல"ன்னு ஒருமைல சொல்லிட்டுப் போனா, போட்டோக்காரன் கேமராவ எறக்கிட்டான். வாட்ச்மேன், தோட்டக்காரரு, மெஸ் அக்காமாரு, எல்லாரும் முடிஞ்சாச்சு. "கெடச்சதும் நின்னுரும்"னு ஆளாளுக்குச் சொன்னாங்க. காலேஜ்ல ஆளு தீந்துது. கனி நிக்கல. கேட்டத் தாண்டி ரோட்டுல எறங்குனா.

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. வரிசை தீந்தா நின்னுருன்னு சொல்லுற வரிதான் அதுல இல்லையே.

ஓடிப்போயி அவ கையப் பிடிச்சேன். நின்னா. ஆனா மூச்சும் சேந்து நின்னுட்டு. கண்ணு தொறந்தபடி தொறந்திருக்கு, ஒதடு நீலமாகுது, அசைவில்ல. பயந்துபோயி கைய விட்டேன், மூச்சு வந்துச்சு, அடுத்த எட்டு எடுத்து வச்சு, டீக்கடைக்காரருகிட்ட, "நீயா?"ன்னா. அதுக்குப் பெறவு வார்டன் பிடிச்சுப் பாத்தாவ, ரெண்டு பையனுங்க பிடிச்சுப் பாத்தாங்க, ஒவ்வொரு தடவையும் மூச்சு நின்னுச்சு. அவளப் பிடிச்சு வச்சா செத்துருவா. விட்டா நடந்தே செத்துருவா. காலேஜ் ஆபீஸ்ல போயிச் சொன்னேன். கிளார்க் நிமுந்துகூடப் பாக்காம, "கேட்டுக்கு வெளிய நடந்தா எங்க பொறுப்பு இல்லம்மா. அட்டென்டன்ஸ் கொறஞ்சா மட்டும் சொல்லு"ன்னாரு.

லேப் வாசல்ல கெடந்த கனி செருப்ப எடுத்துக்கிட்டு அவ பின்னால நடந்தேன்.

தகவல் தெரிஞ்சு பேச்சித்தாயி அத்தை வேலை பாத்த சேலையோட, வெரல்ல தீக்குச்சி மருந்து ஒட்டுனபடிக்கு, அடுத்த ஊரு பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னாவ. கனி வரிசையாக் கேட்டுக்கிட்டே வந்தா, பூக்காரம்மா, கண்டக்டர், வேர்க்கடலை விக்கிறவரு, அப்புறம் அவுங்க அம்மா.

"நீயா?"

"நான்தான் தாயி. அம்மா. என்னத்தான தேடுத? நான்தான் மக்கா."

கனி அந்த முகத்தப் பாத்தா. "இல்ல"ன்னுட்டு அடுத்தால நின்ன போலீஸ்காரருகிட்டப் போயிட்டா.

அத்தை அழல. கடைல ஒரு தண்ணி பாட்டிலும் பன்னும் வாங்கிக்கிட்டு வந்து எங்கூட நடந்தாவ. வாயில ஊட்டுனா முழுங்குவா, தண்ணி குடுத்தா குடிப்பா, நடக்கிறத மட்டும் விட மாட்டா. ரோட்டுல தார் உருகிக் கெடந்துச்சு. அவ பாதம் பட்ட எடமெல்லாம் மொதல்ல தூசியா இருந்துச்சு, அப்புறம் ஈரமா இருந்துச்சு, அப்புறம் செவப்பா இருந்துச்சு.

ஊர் ஊரா சேதி முன்னால போயிருச்சு. நாங்க போறதுக்குள்ள ஆளுங்க ரோட்டோரம் வந்து வரிசைல நிப்பாங்க. யாரு முகத்த அவ கொஞ்சம் கூடுதலாப் பாக்காளோ அவுங்களுக்கு அந்த வருசம் கல்யாணம் நடக்கும்னு ஒரு ஊரு சொல்லுச்சு, வெளிநாட்டு வேலை கெடைக்கும்னு அடுத்த ஊரு சொல்லுச்சு. பொம்பளைங்க கொடத்துல தண்ணி கொண்டாந்து அவ கால்ல ஊத்துனாங்க. ஒரு கட்சிக்காரரு பந்தல் போட்டு மோர் குடுத்தாரு, மைக்ல அவரு பேரத்தான் சொன்னாங்க. கேட்டு முடிச்ச ஆளுங்க கடலைய வாங்கித் தின்னுக்கிட்டுக் கலைஞ்சு போனாங்க. அவ காலப் பாத்தவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. பாத்துட்டு, "பாவம், படிச்ச பிள்ள"ன்னாங்க.

கனி மேற்க பாத்துத் திரும்பவே இல்ல. ரோடு கெழக்க போச்சு, ஊருங்க கெழக்க இருந்துச்சு, அவளும் கெழக்கயே போனா. கெழக்க என்ன இருக்குன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். நாங்க சொல்லிக்கிடல.

ஒருநாள் மத்தியானம் துரைசிங் சார் பைக்ல வந்தாரு. ஹெல்மெட்டக் கழட்டாமயே என் பக்கத்துல உருட்டிக்கிட்டு வந்தாரு.

"சார், இத எப்படி நிறுத்துறது?"

"அது... எக்ஸ்டர்னல்ட்ட கேட்டிருக்கேன்ம்மா."

"எக்ஸ்டர்னல் மயிரு." எழுதிக்குடுத்த பெறவு அதான் நான் எதுத்துப் பேசுன மொத வார்த்தை. அதுவும் முணுமுணுன்னுதான் வந்துச்சு. "எதத் தேடணும்னே சொல்லலையே சார் அவளுக்கு. அப்புறம் எத வச்சு இல்ல இல்லங்குதா?"

சார் ஹெல்மெட்டுக்குள்ள இருந்து பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாரு: "நாம மதிப்புக் குடுக்காத எடம் காலியா இருக்காது. அதுல ஏற்கனவே எது கெடந்துச்சோ அது கெடக்கும். அதுக்குப் பேரு கார்பேஜ் வேல்யூ. ரெண்டு மார்க்."

"குப்பையா?"

"ஆமா."

"அவளுக்குள்ள என்ன குப்பை கெடந்துச்சு?"

சார் வண்டிய நிறுத்திட்டாரு. ஹெல்மெட்டக் கழட்டுனாரு, மூஞ்சி முழுக்க வேர்வை. "எனக்குத் தெரியாது பிரம்மசக்தி. சத்தியமாத் தெரியாது. நானும் மனப்பாடம் பண்ணித்தான் வந்தேன்"ன்னாரு. இத அன்னைக்கு கிளாஸ்ல சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? அவரு அங்கனயே நின்னுட்டாரு, நாங்க நடந்தோம்.

ஆனா அவ பக்கத்துல நடக்க நடக்கத்தான் எனக்கு அது புரிஞ்சுது. புத்தகத்துல அம்புக்குறி போட்டு ஒரு வருசமாப் புரியாதது அவ கால் நடக்கிறதப் பாத்துப் புரிஞ்சுது: ஒரு ஆளு, ஒரு கேள்வி, ஒரு எட்டு, மறுபடியும் ஒரு ஆளு. நடுவுல எங்கயும் அடுத்தவங்க சொல்றதக் காதுல வாங்குற வரி கெடையாது, அதனால கெஞ்சுனா கேக்காது, அழுதா கேக்காது. நிக்கிறதுக்கு ஒரே வழிதான் இருக்கு. அவ தேடுறது அவ எதுர்ல வந்து நிக்கணும்.

நானும் அத்தையும் யோசிச்சு யோசிச்சு ஒவ்வொருத்தராக் கூட்டிட்டு வந்தோம். எட்டாவதுல அவகூட ஒண்ணா உக்காந்து திருப்பூருக்குப் போயிட்ட சிநேகிதி வந்தா. ஊருக்குப் போற பஸ்ல அவளப் பாத்துச் சிரிக்கிற ஒரு பையன் வேட்டி கட்டிக்கிட்டு வந்தான். அத்தை ஊர்ல இருந்து அவ வளத்த கன்னுக்குட்டியக்கூட மினி லாரில ஏத்திட்டு வந்தாவ. "நீயா? இல்ல. நீயா? இல்ல." கன்னுக்குட்டி அவ கைய நக்குச்சு. "இல்ல."

அப்புறம் எனக்கு ஒரு யோசன. கண்டுபிடிக்க முடியாட்டி லேட்டாவது பண்ணலாம்ல? வரிசை நீண்டா கடல் தள்ளிப்போகும். நான் முன்னால ஓடி ஊருக்குள்ள வீடு வீடாக் கதவத் தட்டி, "வந்து நில்லுங்க, கேட்டு முடிச்சதும் பின்னால ஓடி மறுபடியும் நில்லுங்க"ன்னு கால்ல விழாத கொறையாக் கேட்டேன். நின்னாங்க. காலேஜ் பிள்ளைங்களும் ஒரு பஸ்ல வந்து எறங்கி நின்னாங்க, வெள்ளைப்பாண்டியும் வந்தான். வரிசையப் பாத்ததும் அவனுக்கு ஓட ஆரம்பிச்சுட்டு. அவன் நெட்டை ஆளப் பின்னால தள்ளுதான், கனி கேட்டு முடிச்ச ஆளு மறுபடியும் அவ எதுர்லயே வந்து நிக்காரு, "ஏம்மா, இப்பத்தான என்ன இல்லன்ன?"ன்னு அவரு சண்டைக்கு வாராரு. அத்தைகூடச் சிரிச்சுட்டாவ. அந்த ஒரு மத்தியானம் கனி அந்த ஒரே தெருவுல நின்னா, அத்தை அவ காலுக்கு மஞ்சப் பத்துப் போட்டாவ.

அப்புறம் வரிசை ஒழுங்காயிட்டு. வெள்ளைப்பாண்டி தண்ணி கேட்டுட்டுத் தூங்கிட்டான். பிள்ளைங்களுக்கு அடுத்த நாள் மேத்ஸ் பரிச்சை, பஸ் ஹாரன் அடிச்சுது. ஊர்க்காரங்களுக்குக் காட்டுல மொளகா பறிக்கணும். ஒவ்வொருத்தரா, "வாறோம் தாயி"ன்னுட்டுப் போனாங்க. யாரத் திட்ட? யாரும் கெட்டவங்க இல்ல. அதான் எனக்குத் தாங்கல.

கடைசி ஊரும் முடிஞ்சு உப்பளம் வந்துச்சு. உப்பளத்துல வேலை பாக்குறவங்க கொஞ்சப் பேரு, அவுங்களும் முடிஞ்சாச்சு. ஆளு தீந்துது. நான் ஒரு நிமிசம் நெனச்சேன், இனிமே கேக்க ஆளில்ல, நின்னுருவான்னு. அவ மைல்கல்லுக்கு எதுர்ல போயி நின்னு, "நீயா? இல்ல"ன்னா. கரண்டுக் கம்பம், "நீயா? இல்ல." கொக்கு. உடைமரம். உப்புக் குவியல் ஒவ்வொண்ணா, வெள்ளை வெளேர்னு வெயில்ல கண்ணக் கூசுற ஒவ்வொரு குவியலுக்கும் முன்னால நின்னு கேட்டா. உப்புல அவ புண்ணுக் கால வச்சு நடந்தா. எனக்குத்தான் கத்தணும்போல இருந்துச்சு, அவ கத்தல.

உப்பளத்தத் தாண்டுனா மணல், மணலத் தாண்டுனா கடலு.

அத்தைக்கு அதுக்கு மேல நடக்க முடியல, மணல்ல மண்டி போட்டு உக்காந்துட்டாவ. "ஏ பிள்ள சக்தி, நீ போ, நீ அவகூடயாவது போ"ன்னாவ. கனி மொத அலைக்கிட்ட நின்னு கேட்டா. அது ஒடஞ்சு போச்சு. "இல்ல." ரெண்டாவது அலை. அலைக்கு ஏது கணக்கு? ஆளாவது தீரும், உப்பாவது தீரும், அலை தீரவே தீராது. முழங்கால். இடுப்பு. ஒவ்வொரு அலைக்கும் ஒரு எட்டு.

நான் தண்ணிய அடிச்சுக்கிட்டு ஓடி அவளத் தாண்டி முன்னால போயி நின்னேன். அவ செருப்பு என் கையில. கெஞ்சணும்னுதான் போனேன். சத்தியமாக் கெஞ்சத்தான் போனேன். ஆனா எனக்கு நெஞ்சுக்குள்ள அடங்கிக் கெடந்தது பூராவும் பொங்கி வந்துச்சு, மூணாவது எடத்துல கெடச்சதுன்னு எழுதி வச்சிருக்கானே அவன் மேல, அதப் பாத்து எழுதுன அத்தன பேரு மேல, ரெண்டு மார்க்குக்கு மேல தெரியாத சார் மேல, ஃபிளெக்ஸ்ல கும்புடுதானே அந்த ஆளு மேல, எழுதிக் குடுத்த என் மேல, எல்லாத்துக்கும் மேல, கேள்வியக் கேட்டுட்டு உக்காந்துட்டாளே இவ மேல. கழுத்து நரம்பு பொடைக்கக் கத்துனேன்.

"ஏட்டி கனி! கேட்டல்லா, பதில் வராம எதுக்குட்டி உக்காந்த? சிரிச்சா சிரிக்கட்டும்! எதத் தேடணும்னு இதுல எங்கட்டி இருக்கு? சொல்லுட்டி! எங்க இருக்கு? பதிலச் சொல்லிட்டுப் போ! ஒன்ன விட மாட்டேன், சொல்லிட்டுப் போ!"

செருப்ப வச்சுத் தண்ணிய அடிச்சுக்கிட்டே கத்துதேன். எனக்குப் பின்னால இருந்து அலை வந்து எங்க ரெண்டு பேரு தலையிலயும் அடிச்சுது. தண்ணி வடியுது. கனி என் முகத்துக்கு நேரா நிக்கா. பெஞ்சத் தள்ளிட்டு எந்திரிச்சு நின்ன ஒருத்தி கதவுக்கு வெளிய போயிட்டா. அவ திரும்பி வாராளான்னு கனி பாத்துக்கிட்டிருந்த எடத்துலதான் அந்தப் புரோகிராம ஏத்துனாங்க, சார் சொன்ன குப்பை அதுதான். வராண்டால நான் கனிக்கு எதுர்ல நின்னப்ப, அந்த ஒருத்தி எங்கிட்ட இல்ல, எழுதிக் குடுத்தவதான் நின்னா.

"நீயா?"ன்னா.

"பதிலச் சொல்லுட்டின்னேன்ல!"

அவ பாத்துக்கிட்டே இருந்தா. இல்லன்னு சொல்லல.

"கெடச்சிட்டு"ன்னா. அப்புறம் அந்தப் புரோகிராமோட கடைசி வரி சொல்லச் சொன்னபடிக்கு, எத்தனாவது எடத்துல கெடச்சுதுன்னு ஒரு நம்பரச் சொன்னா. வராண்டால நின்ன மொத ஆளுல இருந்து, அவுங்க அம்மா, கன்னுக்குட்டி, கொக்கு, உப்பு, கடைசியா ஒடஞ்ச அலை வரைக்கும் ஒண்ணு விடாம எண்ணியிருந்தா. சொல்லி முடிச்சுட்டு என் மேலயே சாஞ்சா. "தண்ணி குடுட்டி. என்னட்டி இது, வாயெல்லாம் உப்பு. காலு எரியுதுட்டி"ன்னு அழுதா. நானும் அழுதேன். செருப்பப் போட்டுப் பாத்தேன், வீங்கிப்போன காலுக்குள்ள அது ஏறல. அவள முதுகுல ஏத்திக்கிட்டு மணலுக்கு வந்தேன், அத்தை மணல்லயே தவந்து வந்து அவ ரெண்டு காலையும் மடில எடுத்து வச்சுக்கிட்டாவ.

கனிக்கும் எனக்கும் அட்டென்டன்ஸ் கொறைஞ்சதால அடுத்த வருசம் மறுபடியும் எழுதணும்னுட்டாங்க. எழுதிக் குடுத்ததத் திருப்பித் தாங்கன்னு பிரின்சிபால்ட்ட போயிக் கேட்டேன், தர மாட்டேன்னாரு, வச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். துரைசிங் சார் அடுத்த கிளாஸ்ல காணாமப் போன அந்த ஒண்ணரை வரியையும் போர்டுல எழுதுனாரு, எங்க பக்கம் திரும்பாமயே நின்னாரு. நல்ல விசயம்தான். ஆனா அவரு சாக்பீஸ வைக்கிறதுக்குள்ள பின்பெஞ்சுல இருந்து, "சார், இது இம்பார்ட்டன்ட்டா?"ன்னு சத்தம் வந்துச்சு, கிளாஸ் மொத்தமும் குனிஞ்சு எழுதுச்சு, சாயங்காலம் ஹாஸ்டல் மாடில அந்த ஒண்ணரை வரியையும் சேத்துச் சத்தம்போட்டுப் படிக்கிறது கேட்டுச்சு.

கனி கடல்ல சொன்ன நம்பர எங்கிட்ட நெறையப் பேரு கேட்டாங்க. சார் கேட்டாரு, கரஸ்பாண்டென்ட் அடுத்த ஃபிளெக்ஸ்ல போடணும்னு ஆள் விட்டுக் கேட்டாரு. நீங்களும் கேப்பீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு, சாகுற வரைக்கும் இருக்கும். ஆனா இங்க எழுத மாட்டேன். எழுதுனா, மூணு இருந்த எடத்துல அதப் போட்டு, அடுத்த வருசத்துப் பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிருவாங்க.